முற்றத்துத் தண்ணீருக்குக் கீழே இன்னொரு வீடு: பழைய வீட்டின் லேசர் ஸ்கேனை என்ன செய்வது?

குடமுருட்டிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில், குடமுருட்டிக் கரையில் எங்கள் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கொல்லையில் கேணி. பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. தை பிறந்ததும் இடிக்கிறார்கள். எவ்வளவோ பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. அதனால் ஐப்பசியில் ஒரு லேசர் ஸ்கேனரை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, 31 இடங்களில் நிறுத்தி வீட்டை முழுவதும் அளந்து வைத்தேன். ஓர் இடத்துக்கு 1.1 கோடிப் புள்ளி, மொத்தம் 34 கோடி.

அப்பாயிக்கு 84 வயது. முட்டி வலியால் ஊருக்கு வர முடியவில்லை, சென்னையில் எங்களோடு இருக்கிறார். அவர் திரையில் பார்த்தபடி வாசலில் தொடங்கிக் கொல்லை வரை நடந்து போகிற மாதிரி இதைச் செய்துகொடுக்க வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் ஓரளவு தெரியும். லேசர் டேட்டா இதுதான் முதல் தடவை. மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஸ்கேன் எடுத்த முதல் நாள் மழை. முற்றத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றது. இப்போது பாயின்ட் கிளவுடை, அதாவது அளந்த புள்ளிகளின் திரளை, திருப்பிப் பார்த்தால் முற்றத்துக்குக் கீழே தலைகீழாக இன்னொரு தாழ்வாரம் தொங்குகிறது. தூண், ஓட்டு விளிம்பு எல்லாம் இருக்கிறது.

அடுத்து ஜன்னல் கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்குப் பின்னாலும் சுவர் வரைக்கும் புள்ளிகள் வால் மாதிரி இழுத்துக்கொண்டு போகின்றன.

மூன்றாவதுதான் பெரிய கவலை. கூடத்தில் பத்தாயத்துக்குப் பின்னால் ஸ்கேனர் பார்க்கவே இல்லை. அங்கே ஓட்டை. புள்ளிகளை இணைத்து மெஷ் என்கிற தொடர்ந்த பரப்பு ஆக்கும்போது மென்பொருள் அதைத் தானாக மூடிவிட்டது, பலூன் உப்பின மாதிரி. அதைத் தட்டிச் சமமான சுவராக்கிவிடலாமா? மாதிரிக்கு ஆறு ஸ்கேன்களை ஏற்றியிருக்கிறேன்.

லெவல்புத்தகம்

தம்பி, முதலில் நல்ல காரியம் செய்தாய். சர்வே வேலையில் 27 வருடம் ஆகிறது. டெல்டாவில் எத்தனையோ வீடுகள் ஒரு புகைப்படம்கூட இல்லாமல் போனதைப் பார்த்தவன் நான்.

தலைகீழ் வீட்டை அழித்துவிடாதே. அது பிழை இல்லை, அதுவும் அளவுதான். ஸ்கேனருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: எந்தத் திசையில் ஒளியை அனுப்பினோம், அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது. ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு நானோ வினாடி என்றால் 15 சென்டிமீட்டர் தூரம். நேரடியாக நேரத்தை எண்ணாமல் அலையின் கட்டத்தை ஒப்பிடுகிற ஸ்கேனர்களும் உண்டு, ஆனாலும் கடைசியில் கிடைப்பது தூரம்தான். ஒளி போகிற வழியில் தண்ணீரில் பட்டு மேலே எகிறி ஓட்டு விளிம்பைத் தொட்டு, அதே வழியாகத் திரும்பி வந்தால் ஸ்கேனருக்கு அந்தத் திருப்பம் தெரியாது. நேர்கோட்டில் போனதாகவே கணக்குப் போட்டு, புள்ளியைத் தரைக்குக் கீழே வைத்துவிடும்.

இதில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. நின்ற தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் இருக்கும். ஸ்கேனரின் சாய்வுத் திருத்தம் இயங்கியிருந்தால் உன் உயர அச்சு நேராக இருக்கும். நிஜ ஓட்டு விளிம்பின் உயரம், கீழே தெரிகிற விளிம்பின் உயரம், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அதுதான் தண்ணீர் மட்டம். கீழே உள்ள புள்ளிகளைத் தனியாக வெட்டி எடுத்து, அந்த மட்டத்தை வைத்து மேலே புரட்டிப் போடு. ஸ்கேனர் தரைக்கு அடியில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்த மாதிரி ஒரு பார்வை கிடைக்கும். தூண் தலையில் இருக்கும் போதிகையின் அடிப்பக்கம், ஓட்டு விளிம்பின் உள்பக்கம் என்று நேராகப் பிடிபடாத இடங்கள் அதில் இருக்கலாம். தண்ணீர் அலம்பியிருந்தால் புள்ளிகள் சிதறியிருக்கும், அதனால் தனி லேயராகவே வைத்துக்கொள்.

கம்பி வால் வேறு கதை. லேசர் கற்றைக்குச் சில மில்லிமீட்டர் அகலம் உண்டு. பாதி கம்பியிலும் பாதி சுவரிலும் பட்டால், இரண்டு தூரமும் கலந்து நடுவானத்தில் ஒரு புள்ளி விழும். அதை எடுத்துவிடலாம். ஆனால் 31 ஸ்கேனையும் ஒன்றாகக் கொட்டிய பிறகு எடுக்கப் பார்க்காதே. ஒவ்வொரு ஸ்கேனையும் தனித்தனியாக, அதன் வரிசை நிரல் கலையாமல் ஈ57 என்ற கோப்பு வடிவில் வைத்துக்கொண்டு எடு. பக்கத்துப் பிக்சலுக்கும் இதற்கும் தூரம் எப்படித் தாவுகிறது என்பது அந்த நிரலில்தான் தெரியும்.

செவ்வகம்

தஞ்சாவூரில் இருந்துகொண்டு விளையாட்டு நிறுவனங்களுக்குச் சூழல் மாடல் செய்கிறேன். அண்ணன் சொன்ன கடைசி விஷயத்தைத் தாண்டிப் போகாதீர்கள். வெறும் புள்ளிக்கும் டெப்த் மேப்புக்கும் (ஒவ்வொரு பிக்சலிலும் தூரம் பதிந்த படம்) உள்ள வித்தியாசமே அதுதான். டெப்த் மேப்பில் ஒரு பிக்சல் ‘இங்கே ஒரு பரப்பு இருக்கிறது’ என்று மட்டும் சொல்வதில்லை, ‘ஸ்கேனரிலிருந்து இதுவரைக்கும் நடுவில் எதுவும் இல்லை’ என்றும் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் இந்த இரண்டாவது பாதி தொலைந்துபோகும்.

ஸ்டான்போர்டில் பிரையன் கர்லெஸும் மார்க் லெவாயும் 1996-ல் எழுதிய கட்டுரை இதை வைத்துத்தான் நடக்கும். வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை கொடுத்தார்கள்: பரப்புக்கு அருகில், காலி, பார்க்கவே இல்லை. உங்கள் பத்தாயத்தின் பின்பக்கம் ‘பார்க்கவே இல்லை’. மெஷ் ஆக்க நீங்கள் ஓட்டிய பாய்ஸான் முறைக்கு அது தெரியாது. மூடிய பரப்பு ஒன்றைத் தேடுவதுதான் அதன் வேலை, டேட்டா இல்லாத இடத்தில் வழவழவென்று உப்பிவிடும்.

அப்புறம், உங்கள் மாதிரியில் வாசல் ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். வெறும் தூரத்தை வைத்துப் பார்த்தால் சாணி தெளித்த மண் தரை, அவ்வளவுதான். இன்டென்சிட்டிக்கு, அதாவது திரும்பி வந்த ஒளியின் வலிமைக்கு, மாற்றினேன். புள்ளிக் கோலம் ஒன்று அப்படியே எழுந்து வந்தது! மாவின் கனம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஸ்கேனரின் இரைச்சலே (அளவில் வரும் தடுமாற்றம்) இரண்டு மில்லிமீட்டர். அதனால் ஆழத்தில் தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் அரிசி மாவு மண்ணைவிட லேசரை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. ஒரு மூலையில் இழை அறுந்து, கை மறுபடி எடுத்துத் தொடர்ந்தது வரைக்கும் தெரிகிறது. மெஷ் ஆக்கும்போது இன்டென்சிட்டியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

குடமுருட்டிக்கரை

அக்கா, அது பெரியம்மா போட்ட கோலம். இரண்டாம் நாள் காலையில் மழை விட்டதும் போட்டார். நீங்கள் சொல்லும் வரை எனக்கு அது தெரியவில்லை. இப்போதுதான் பார்த்தேன்.

அண்ணா, புரட்டிப் போட்டுப் பார்த்தேன். கூட்டி வகுத்த மட்டம் சரியாக வந்தது. தென்கிழக்குத் தூணின் போதிகையில் அடிப்பக்கம் ஒரு தாமரை மொட்டு இருக்கிறது. இத்தனை வருடம் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், கவனித்ததில்லை. இன்னொரு சந்தேகம். கொல்லைக் கதவு ஓரம் சுவர் இரண்டு சுவராகத் தெரிகிறது, நடுவில் 3 சென்டிமீட்டர்.

லெவல்புத்தகம்

அது பதிவுப் பிழை. திண்ணையில் ஆரம்பித்து ஸ்கேன் ஸ்கேனாகக் கோத்துக்கொண்டே கொல்லைக்குப் போயிருக்கிறாய். ஒவ்வொரு இணைப்பிலும் ஓரிரு மில்லிமீட்டர் நழுவும், அது சேர்ந்துகொண்டே போகும். உயரங்களை லெவல் எடுக்கும்போது புறப்பட்ட பெஞ்ச்மார்க் குறிக்கே திரும்பி வந்து முடிப்பது எதற்காக? எவ்வளவு பிசகியது என்று தெரிந்துகொள்ளத்தான். டெல்டாவில் வாய்க்கால் வாட்டம் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒரு சென்டிமீட்டர் தவறினால் தண்ணீர் கடைமடைக்குப் போகாது. பக்கத்துச் சந்து வழியாக நாலைந்து ஸ்கேன் எடுத்துக் கொல்லையையும் வாசலையும் இணைத்தாயானால் வளையம் மூடிவிடும். பிறகு பிழையை எல்லா ஸ்கேனுக்கும் பங்கிடலாம்.

நாற்றங்கால்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கல்லூரி புராஜெக்டுக்காகத் திருவாரூர் பக்கம் ஒரு சம்பா வயலை இதே மாதிரி ஸ்கேன் செய்து விளையாட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். நெற்கதிர் எல்லாம் புகை மாதிரி வருகிறது.

செவ்வகம்

காற்றில் ஆடும் பயிரை நின்று அளக்க முடியாது தம்பி. ஸ்கேனர் ஒரு சுற்று முடிக்கச் சில நிமிடம் ஆகும், அதற்குள் ஒரு தாள் நூறு இடத்தில் இருந்திருக்கும். வரப்பு, வாய்க்கால், மதகு, களத்துமேட்டை ஸ்கேனிலிருந்து எடுங்கள். நெல்லுக்கு நாலைந்து தூர்களை வீட்டுக்குள் வைத்துப் படம் எடுத்து மாடல் செய்து, வயலில் பரப்புங்கள்.

தாராசுரத்தான்

பத்தாயத்துக்கு வருகிறேன். குடமுருட்டிக்கரை, சமமான சுவர் வைத்துவிடலாமா என்று கேட்டீர்கள். வைக்காதீர்கள்.

கோயில் ஆவணப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் டெல்டாவில் ஒரு மண்டபத்தை ஒரு குழு ஸ்கேன் செய்து முப்பரிமாண மாதிரி வெளியிட்டது. மூலைத் தூண் ஒன்றின் பின்பக்கம் ஸ்கேனருக்குத் தெரியவில்லை. யாரோ முன்பக்கத்துச் சிற்பத்தையே பிரதி எடுத்துப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. எங்கேயும் ஒரு குறிப்பு இல்லை. ஒரு மாணவி அந்த மாதிரியை நம்பித் தூணுக்கு நாலு பக்கமும் சிற்பம் உண்டு என்று எழுதிவிட்டார். நான் டார்ச் எடுத்துக்கொண்டு போய், சுவருக்கும் தூணுக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடுக்கில் பார்த்தேன். பின்பக்கம் வெறும் உளித் தழும்பு. யாரும் பார்க்கப் போவதில்லை என்று சிற்பி அப்படியே விட்டிருக்கிறார், வரிசை வரிசையாக ஓர் அங்குல இடைவெளியில் கொத்தின அடையாளம். அந்தக் காலத்தில் கல்லை எப்படி உடைத்து எடுத்தார்கள் என்பதற்கு அந்த மண்டபத்திலேயே இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அதன்மேல் பொய்யாக ஒரு யாளி உட்கார்ந்திருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்று ஆசிரியர் 2010-ல் லேசரால் அளந்தார், நூறு கோடிக்கு மேல் புள்ளிகள். அவர் 2018-ல் காலமாகிவிட்டார். 2019 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்தது. திரும்பக் கட்டியவர்களுக்கு அவருடைய அளவு கைகொடுத்தது. அளந்தது அளந்தபடி கிடந்ததால்தான் அது பயன்பட்டது.

செவ்வகம்

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இங்கே பார்க்கப் போவது ஆய்வாளர் இல்லை, 84 வயது அப்பாயி. அவர் கூடத்தில் நடக்கும்போது சுவரில் கறுப்பாக ஒரு பள்ளம் வாயைத் திறந்துகொண்டு நின்றால் என்ன ஆகும்? வீடு இடிந்துவிட்டது என்று நினைப்பார். பார்வையாளருக்காக ஓட்டையை மூடுவது எங்கள் தொழிலில் அன்றாடம் செய்வது. மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையை அளந்தபோதும் லேசர் எட்டாத இடங்கள் இருந்தன. அந்த மாதிரி ஓட்டைகளை மூடுவதற்கென்றே ஸ்டான்போர்டில் 2002-ல் தனியாக ஒரு முறை உருவாக்கினார்கள்.

தாராசுரத்தான்

மூடுவதை நான் மறுக்கவில்லை அம்மா. மூடியது என்று தெரியாமல் மூடுவதைத்தான் மறுக்கிறேன். அப்பாயிக்குப் பின்னால் இந்தக் கோப்பு பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளிடம் போகும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க வீடு இருக்காது. கோயில் தூணுக்காவது டார்ச் எடுத்துக்கொண்டு போக முடிந்தது.

செவ்வகம்

சரி, இதற்கு மேல் எனக்கு மறுப்பில்லை.

அப்படியென்றால் வழி இருக்கிறது. பாய்ஸான் ஓட்டும்போது ஒவ்வொரு முனைக்கும் அடர்த்தி என்று ஓர் எண் வரும். கிளவுட்கம்பேர் மென்பொருளில் அது ஸ்கேலார் ஃபீல்டு என்ற பெயரிலேயே கிடைக்கும். புள்ளியே இல்லாத இடத்தில் அந்த எண் விழுந்துவிடும். அதற்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள், உப்பல் எல்லாம் போய்விடும். இப்போது மிஞ்சியது அளந்த மெஷ். ஓட்டைகளுக்குத் தனி ஆப்ஜெக்டாகச் சுவர் செய்து, அதற்கு வேறு மெட்டீரியல் கொடுங்கள், வெறும் சுண்ணாம்பு நிறம், புள்ளியோ அழுக்கோ இல்லாமல். அப்பாயிக்குக் கண்ணை உறுத்தாது. தேவைப்படுகிறவர் அந்த ஆப்ஜெக்டை அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்வேன். மெஷ் வேண்டுமா என்றே யோசியுங்கள். புள்ளிகளையே புள்ளிகளாகக் காட்டலாம். 2008-ல் ஒரு பிரிட்டிஷ் ராக் குழு கேமராவும் விளக்கும் இல்லாமல், முழுக்கத் தூர அளவை மட்டும் வைத்து ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்தது. அந்த எண்களைப் பொதுவிலும் போட்டார்கள், நாலு நாலு எண்ணாக: மூன்று அச்சு, ஒரு இன்டென்சிட்டி. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதை இறக்கி விளையாடிப் பார்த்ததால்தான். உங்கள் 34 கோடியைப் போட்ரீ என்ற மென்பொருள் மூலம் பிரௌசரிலேயே ஓட்டலாம். நெருங்கிப் போனால் சுவர் மணலாகப் பிரியும், தள்ளி நின்றால் கூடிக்கொள்ளும். எது அளந்தது, எது இல்லை என்பது அதில் தானாகவே தெரியும்.

லெவல்புத்தகம்

நெருங்கிப் போவதைப் பற்றி ஒரு கணக்கு. 1.1 கோடிப் புள்ளி என்றால் ஒரு சுற்றுக்கு ஐயாயிரத்துச் சொச்சம். 10 மீட்டர் தூரத்தில் புள்ளிக்குப் புள்ளி 12 மில்லிமீட்டர் இடைவெளி வரும். 3 மீட்டரில் 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுவருக்குப் போதும். நிலைக்கதவுச் செதுக்கலுக்குப் போதாது. தாராசுரம் கோயிலின் அதிட்டானத்தில் (அடிப்பீடத்தில்) உள்ளங்கை அளவுச் சிற்பங்கள் இருக்கின்றனவே, அதை 10 மீட்டரில் நின்று அளந்தால் முகத்தில் மூக்கே இருக்காது. நிலைக்கதவை வெயில் நேரடியாக விழாத நேரத்தில் நூறு நூற்றைம்பது படம் எடுத்து, போட்டோகிராமெட்ரி (படங்களிலிருந்து வடிவம் எடுப்பது) செய்து ஒட்டு. அளவை லேசரிலிருந்து எடு, நுணுக்கத்தைப் படத்திலிருந்து எடு.

குடமுருட்டிக்கரை

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

செவ்வகம் அக்கா சொன்னபடி புள்ளிகளாகவே வைத்து, சென்னையில் டிவியில் போட்டு அப்பாயியை உட்கார வைத்தேன். ரேழிக்குள் நுழைந்ததும் தலையைக் குனிந்தார். அங்கே நிலை தாழ்வு, எல்லோரும் குனிந்துதான் போவோம். முற்றம் வந்தது. கூடம் வந்தது. பத்தாயத்துக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். “இதுக்குப் பின்னாடி மாடம் இருக்குமே, காட்டு” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தாயம் வருவதற்கு முன்னால் அந்தச் சுவரில்தான் விளக்கு வைப்பார்களாம். கல்யாணமாகி வந்த புதிதில் தினமும் அவர்தான் ஏற்றினாராம். அப்பாவுக்கே அது தெரியவில்லை.

அந்த இடத்தில்தான் நான் சமமான சுவர் வைக்கப் பார்த்தேன்.

போன வாரம் ஊருக்குப் போனேன். பத்தாயத்தை எப்படியும் விற்கிறார்கள். ஆசாரி வந்து பலகை பலகையாகக் கழற்றினார். உள்ளே பழைய நெல் வாசனை. கழற்றி முடித்ததும் சுவரில் மாடம். உடைந்த அகல் ஒன்றுகூட அதற்குள் கிடந்தது. ஸ்கேனரை இன்னும் அரைநாள் எடுத்து மூன்று ஸ்கேன் கூடத்தில், ஐந்து சந்தில். சந்து ஸ்கேன் சேர்ந்ததும் கொல்லைக் கதவு ஓரம் இரட்டைச் சுவர் ஒன்றாகிவிட்டது.

புது ஸ்கேனைப் பழையதோடு சேர்க்கும்போது முதலில் கோணலாக வந்தது. பழையதில் பத்தாயம் இருக்கிறது, புதியதில் இல்லை. மென்பொருள் இல்லாத பத்தாயத்தைத் தேடிச் சுவரை இழுத்தது. அந்தப் பகுதியைத் தற்காலிகமாக வெட்டிவிட்டு, தூண்களையும் உத்தரத்தையும் மட்டும் வைத்துச் சேர்த்ததும் சரியாக உட்கார்ந்தது. இப்போது பத்தாயம் தனி லேயர். அதை அணைத்தால் மாடம் தெரியும்.

ஆனால் மாடத்தின் மேல்பக்கம் இன்னும் ஓட்டையாகத்தான் இருக்கிறது. அவ்வளவு பக்கத்திலிருந்து எடுத்தும் வரவில்லையே?

லெவல்புத்தகம்

விளக்குக் கரி. வருடக்கணக்கான புகை படிந்து கறுத்த இடம் லேசரைக் குடித்துவிடும், திரும்பி வருவது ரொம்பக் குறைவு. கழுவாதே. டேப்பால் அள.

குடமுருட்டிக்கரை

அளந்துவிட்டேன் அண்ணா. அகலம் 7 அங்குலம், உயரம் 11, ஆழம் ஐந்தரை. மேல் வளைவைக் காகிதம் வைத்து ஒற்றி எடுத்தேன், காகிதம் முழுக்கக் கரி. அதை வைத்துச் செய்த பகுதி தனி ஆப்ஜெக்ட், தனி நிறம், ‘கையால் அளந்தது’ என்று பெயர் போட்டிருக்கிறேன். பத்தாயத்தின் அடியில் ஓரடி இடம் மட்டும் எதிலும் வரவில்லை. அதை ஓட்டையாகவே விட்டுவிட்டேன்.

தாராசுரத்தான்

அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பாலித்தீன் உறையில் போடாதீர்கள், அமிலமில்லாத காகிதத்தில் மடிக்காமல் வையுங்கள்.

குடமுருட்டிக்கரை

சரி, அப்படியே செய்கிறேன். மிச்சம் இருப்பது கேணி. உறைக்கேணி, தண்ணீர் இப்போது 12 அடிக்கு வந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் முதல் நாலு உறைதான் ஸ்கேனில் வருகிறது. ஆள் இறங்க வழி இல்லை. பொங்கல் கழித்து இடிக்க வருகிறார்கள்.

லெவல்புத்தகம்

சில ஸ்கேனர்களைத் தலைகீழாக மாட்டி இயக்கலாம், எடுக்கும் முன் வாடகைக்காரரிடம் கேட்டுக்கொள். கேணி மேல் குறுக்கே இரண்டு சவுக்குக் கழி போட்டு, நடுவில் இரும்புக் குழாய் நிறுத்தி அதில் தொங்கவிடலாம். கயிற்றில் மட்டும் விட்டால் சுழலும், ஸ்கேன் பாழ். தண்ணீர் மட்டத்துக்கு மூன்று அடி மேலே நிறுத்து. கீழே தெரிகிற பிம்பத்தை இந்தத் தடவை நீயே புரட்டிக்கொள்வாய். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்தில் வேலை இருக்கிறது, மதியத்துக்கு மேல் வருகிறேன். கழி இரண்டும் பத்தடிக்குக் குறையாமல் பார்த்து வாங்கி வை.

செவ்வகம்

நானும் வருகிறேன். நிலைக்கதவுக்குப் படம் எடுத்துவிடலாம். பெரியம்மாவை அன்றைக்கும் வாசலில் கோலம் போடச் சொல்லுங்கள், இந்தத் தடவை 3 மீட்டரில் நின்று எடுக்கலாம்.